களமும் ஏரியும்: பெருங்களத்தூர்ப் பகுதியின் ஊர்ப்பொதுவாழ்வு

சென்னையினின்று தெற்கே செல்லும் பெருவழியில் தாம்பரத்தை அடுத்துப் பெருங்களத்தூர் உளது. இருப்புப்பாதையும் நெடுஞ்சாலையும் அருகருகே ஓட, அவற்றின் இருமருங்கும் வீடுகள் நெருங்கிக் கிடக்கும் இன்றைய தோற்றத்தைக் காண்போர் இதனை ஒரு பழைய உழவூர் என எளிதில் எண்ணார். ஆயினும் ஊரின் பெயர் உழவை மறந்திலது. பெருமை, களம், அத்து, ஊர் எனப் பிரிந்து நிற்கும் இப்பெயரின் நடுவே இருப்பது களம் என்னுஞ் சொல். நெல்லை அடித்துத் தூற்றுமிடம் ஏர்க்களம், படைகள் பொருமிடம் போர்க்களம், விளையாடுமிடம் ஆடுகளம், சான்றோர் கூடுமிடம் அவைக்களம். தொல்காப்பியர் வாகைத் திணையில் ஏரோர் களவழியையும் தேரோர் களவழியையும் ஒருங்கே வைத்தமை தமிழ் மாணவர் அறிந்ததே.

எவ்வகைக் களத்தால் இவ்வூர் பெயர் பெற்றது என வழக்காடுதல் எமது நோக்கமன்று. உழவையும் ஆட்டத்தையும் அவையையும் ஒரு சொல்லாற் குறிக்கும் மொழியில் ஊர்ப்பொதுவாழ்வின் வரலாற்றை எழுதப் புகுவோர், மக்கள் எவ்வெண்ணத்தாற் கூடினர் என்பதோடு அமையாது, எவ்விடத்திற் கூடினர், எப்பொருளை முன்னிட்டுக் கூடினர், அதற்குரிய செலவு எங்கிருந்து வந்தது என்பவற்றையும் வினவுதல் வேண்டும். பொதுத்தொண்டு என்பது தனியொருவர் உள்ளப்பண்பு என்றே இக்காலத்துப் பலரும் பேசுகின்றனர். அதனை யாம் மறுக்கவில்லை. எனினும் இப்பகுதியின் சான்றுகளை முறைப்படி வைத்து நோக்குமிடத்து, பொதுவாழ்விற் பங்குகொள்ளும் வழக்கம் ஓரிடத்தையும் ஒரு பங்கையும் பற்றி நின்றதென்பதும், அவ்விரண்டும் கைவிட்டுப் போனபோது நல்லுள்ளம் மட்டும் அதனைக் காக்க மாட்டாதாயிற்றென்பதும் புலனாகின்றன. அவற்றை ஈண்டு ஆராய்வோம்.

பழந்தமிழ் நூல்களிற் பேசப்படும் மன்றம் ஊர்ப்பொதுவிடமாகும். ஊரார் கூடுதலும் வழக்குரைத்தலும் அங்கே நிகழ்ந்தன; கலித்தொகையின் முல்லைப் பகுதியில் ஏறுதழுவிய பின்னர் மகளிர் குரவையாடுதலும் மன்றத்திலேயே நிகழ்வதாகக் காண்கிறோம். விளையாட்டு ஒருபாலும் ஊராட்சி மற்றொரு பாலுமாகப் பிரிந்து நிற்கும் நிலை பிற்காலத்தது. இதற்குமேல் சங்க நூல்களைக் கொண்டு ஊராட்சி முறையை விரித்துரைத்தல் மிகையாகும். அவை பாடல்களேயன்றி ஆவணங்கள் அல்ல. ஆவணம் வேண்டுவோர் கல்வெட்டுகளை நாடுதல் வேண்டும்.

பெருங்களத்தூரைப் போன்றே பழைய செங்கற்பட்டு மாவட்டத்தில் இருந்ததும் இன்று காஞ்சிபுரம் மாவட்டத்தைச் சார்ந்ததுமான உத்திரமேரூரில், வைகுண்டப்பெருமாள் கோயிற் சுவரில் உள்ள முதற் பராந்தக சோழன் கல்வெட்டுகள் இரண்டும் யாவரும் அறிந்தவை. அவை அவனது 12, 14ஆம் ஆட்சியாண்டுகளுக்குரியன, கி.பி. 919, 921 என்க. 1898ஆம் ஆண்டிற் படியெடுக்கப்பெற்ற இவற்றை வெங்கையா 1904-05ஆம் ஆண்டுத் தொல்லியல் அறிக்கையில் ஆராய்ந்து வெளியிட்டார். பின்னர் நீலகண்ட சாத்திரியார் 1932இல் வெளிவந்த தம் சோழர் ஆட்சிமுறை ஆய்வுகளில் விரிவாக விளக்கினார். குடவோலை முறையை மக்களாட்சியின் முன்மாதிரி என மேடைதோறும் புகழ்வோர் இக்கல்வெட்டுகளை முழுமையும் படித்தவராகத் தோன்றவில்லை. கால்வேலிக்கு மேற்பட்ட இறைநிலமும், தன் மனையிற் கட்டிய வீடும், மறைக் கல்வியும் உடையார்க்கே ஓலையில் இடமுண்டு. மறையொன்றுடன் அதன் விளக்கமும் வல்லார்க்கு அரைக்கால் வேலி போதும் என்னும் சலுகை மட்டுமே உண்டு. உழுவார்க்கும் பெண்டிர்க்கும் அவையில் இடமில்லை. அரசன் ஆணையுடன் வந்த அதிகாரி உடனிருக்கவே தீர்மானம் நிறைவேறிற்று என்பதையும் மறத்தலாகாது.

இவ்வளவும் கூறியபின், இக்கல்வெட்டுகளின் சிறப்பு வேறிடத்தில் உளது என்போம். ஊர் முப்பது குடும்புகளாகப் பிரிக்கப்பட்டது. குடும்புதோறும் தகுதியுடையார் பெயரை ஓலையிலெழுதி, வாயோலை பூட்டிக் கட்டாகக் கட்டிக் குடத்திலிட்டனர். ஒன்றுமறியாப் பாலன் ஒருவன் எடுத்த ஓலையை, நடுநின்றவர் ஐந்து விரலும் அகல விரித்த உள்ளங்கையில் ஏற்று எல்லாரும் கேட்க வாசித்தார். இங்ஙனம் தேர்ந்த முப்பதின்மருள் பன்னிருவர் ஆட்டை வாரியத்துக்கும், பன்னிருவர் தோட்ட வாரியத்துக்கும், அறுவர் ஏரி வாரியத்துக்கும் உரியராயினர். பொன் வாரியமும் பஞ்சவார வாரியமும் தனியே அமைந்தன. ஆட்டை வாரியத்தில் அமர்வோர் முன்பே தோட்டத்திலும் ஏரியிலும் பணிசெய்து பழகியவராதல் வேண்டும். பதவிக்காலம் 360 நாள். முந்தைய மூன்றாண்டுகளுள் வாரியஞ் செய்தார்க்கு ஓலையில் இடமில்லை. இவ்விதியின் பயனைச் சிறிது கணக்கிட்டுப் பார்த்தல் நன்று. ஆண்டொன்றுக்கு 30 பேர் என்றால், மீண்டும் ஒருவர் வர மூன்றாண்டு கழிய வேண்டுமாதலின், நான்காண்டுகளில் 120 பேர் ஊர்ப்பணியில் தோய்ந்தெழுவர். விருப்பமுள்ளார் மட்டும் வருதல் என்பதன்றி முறையாக எல்லாரும் சுமத்தல் என்பதே இவ்வமைப்பின் உயிர்நாடி. அதனினும் கடுமையானது மற்றொரு விதி. வாரியஞ் செய்து கணக்குக் காட்டாதிருந்தாரும், அவர்தம் நெருங்கிய உறவினரும் என்றும் விலக்கப்பெற்றனர். ஒருவன் கணக்கு மறைத்தால் அவன் சிற்றன்னை மகனுக்கும் வாயில் அடைபடும்! 919ஆம் ஆண்டுக் கல்வெட்டில் 30 முதல் 60 வரை என்றிருந்த வயதெல்லை, இரண்டே ஆண்டுகளில் 35 முதல் 70 என மாற்றப்பெற்றமை, முன்விதிகள் போதாவெனக் கண்டு உடனே திருத்திக்கொண்டனர் என்பதைக் காட்டும்.

பொதுவாழ்வில் ஈடுபாடின்மையை மட்டுமே நாம் இன்று குறையாகக் கருதுகிறோம். முன்னோர் மிகுதியான ஈடுபாட்டின் தீங்கையும் கண்டிருந்தனர். நெல்லை நாட்டு மானூர்க் கல்வெட்டு, மாறஞ்சடையன் காலத்தது, ஏறக்குறைய கி.பி. 800ஐச் சார்ந்தது. அவையிற் கொணரப்படும் எல்லாவற்றுக்கும் அன்று அன்று எனக் குறுக்கே நிற்பார்க்கும் அவர்க்குத் துணைநிற்பார்க்கும் ஐந்து காசு தண்டம் என அது விதிக்கிறது. இக்காலக் குடியிருப்போர் நலச்சங்கக் கூட்டமொன்றில் ஒரு மாலைப்பொழுது அமர்ந்திருந்தோர் எவரும் இவ்விதியைப் படித்துப் புன்முறுவல் பூவாதிரார்.

இனிப் பெருங்களத்தூரின் அண்மைக்கு வருவோம். முடிச்சூருக்கு மேற்கே உள்ளது மணிமங்கலம். பல்லவன் முதலாம் நரசிம்மவர்மன் சாளுக்கியன் புலிகேசியை வென்ற போர்க்களங்களுள் ஒன்றாகக் கூரம் செப்பேடு இதனைக் குறிக்கிறது. அவ்வூர்க் கோயிலின் சோழர் கல்வெட்டுகள் தென்னிந்தியக் கல்வெட்டுகள் மூன்றாம் தொகுதியில் அச்சேறியுள்ளன. ஊர்ச்சபை கூடி நிலம் விற்றதையும் இறை நீக்கியதையும் அவற்றிற் காண்கிறோம். உத்திரமேரூர் ஒரு புறநடை அன்று. ஏரியும் கோயிலும் சபையும் பிணைந்த ஊர்கள் இப்பகுதியெங்கும் இருந்தன. மணிமங்கலத்தின் பெரிய ஏரி இன்றும் உளது. அதனை மீண்டும் ஒருமுறை இக்கட்டுரையிற் காண்போம்.

சோழர் வீழ்ந்தபின் இவ்வேற்பாடு முற்றும் அழிந்ததென எழுதுவோர் உளர். அது பொருந்தாது. 1763இல் ஆர்க்காட்டு நவாபு செங்கற்பட்டுச் சீமையைக் கும்பினியாருக்குச் சாகீராக அளித்தார். 1767 முதல் 1774 வரை தாமசு பர்னார்டு என்னும் பொறியாளர் அதன் ஊர்களை அளந்தார். ஏறக்குறைய இரண்டாயிரம் ஊர்கள். அவ்வளவைக்கு ஆதாரமான ஊர்க்கணக்கு ஓலைகளிற் பல அழியாது கிடைத்துள்ளன. திருப்போரூர், வடக்குப்பட்டு ஆகிய ஊர்களின் கணக்குகள் 2001இல் நூலாகவும் வெளிவந்தன. இவற்றிற் காணப்படும் செய்தியே எமது ஆய்வுக்கு அச்சாணி போன்றது. விளைந்த நெல் களத்தில் குவிந்தவுடன், அரசனுக்கும் உழவனுக்கும் பங்கிடுமுன், ஊர்ப்பொதுவுக்குரிய பங்குகள் அளந்து எடுக்கப்பெற்றன. கணக்கர், தலையாரி, தச்சர், கொல்லர், குயவர், வண்ணார், நாவிதர், வெட்டியான் ஆகியோர்க்கும், கோயிலுக்கும், நீர்நிலைப் பணிக்கும் மேரை எனவும் சுதந்திரம் எனவும் பெயரிட்டு நெல் அளந்தனர். ஊரின் வரவுசெலவுத் திட்டம் எழுத்திலன்று, களத்திலேயே எல்லார் கண்ணெதிரிலும் மரக்காலால் நிறைவேறியது. ஏர்க்களமே அவைக்களமுமாயிற்று. நெல் நீங்கிய வெறுங்களத்தில் இளைஞர் சடுகுடு ஆடினர். கோடையில் வற்றிய ஏரியின் உள்வாயும் அவர்க்கு ஆடுகளமே. ஆட்டத்திற்கெனத் தனியே ஓரிடம் வேண்டும் என்னும் எண்ணமே அன்று எழவில்லை; எழவேண்டிய தேவையும் இருந்திலது.

அப்பங்குகள் சமமானவை எனக் கொள்ளற்க. மிராசுதாரர் பெற்றதும் வெட்டியான் பெற்றதும் ஒன்றல்ல. எனினும் வெட்டியானுக்குரியதும் களத்தில் எழுதப்பட்ட உரிமையேயன்றி இரந்து பெறுவதன்று.

1794 முதல் 1798 வரை சாகீரின் கலெக்டராக இருந்த லயனல் பிளேசு ஏரிகள் பலவற்றைப் பழுதுபார்த்தார். மதுராந்தகம் ஏரிக்கரை மழையில் உடையும் நிலையில் இராமனும் இலக்குவனும் கரையிற் காவல் நின்றதை அவர் கண்டார் எனவும், அதனால் இராமர் ஏரி காத்தவராயினார் எனவும் ஊரார் வழங்குவர். கதையை அடியவர்க்கு விட்டு வரலாற்றாசிரியன் நோக்கவேண்டியது அதன் மாந்தரை. கரையிற் காவல் நின்றது கடவுள். கலங்கி நின்றது கலெக்டர். ஏரி வாரியத்தார் அறுவர் எங்கே? ஏரியைக் காக்கும் கடமை ஊரின் கையினின்று அரசாங்கத்தின் கைக்கு மாறிக்கொண்டிருந்த காலத்தின் ஓவியமாகவே யாம் இக்கதையைக் கொள்கிறோம்.

இரயத்துவாரி முறை வந்தபின் அரசு ஒவ்வோர் உழவனோடும் தனித்தனியே கணக்கு வைத்துக்கொண்டது. களத்திற் பொதுப்பங்கு எடுக்கும் வழக்கம் பொருளிழந்தது. பங்கு போனபின் பணி மட்டும் நிற்குமா? நில்லாது எனக் கண்ட அரசாங்கம் 1858ஆம் ஆண்டின் முதலாம் சட்டத்தால் அதனைத் தாங்கிப் பிடிக்க முயன்றது. கரை உடையும் இடர்க்காலத்தில் ஊராரை வேலைக்கு அழைக்கவும், வழக்கமான மராமத்து உழைப்பைத் தராதவரிடம் அதன் மதிப்பில் இருமடங்கு வாங்கவும் அச்சட்டம் அதிகாரமளித்தது. கட்டாய உழைப்புச் சட்டம் என்றே அதற்குப் பெயர் வழங்கிற்று. பொதுப்பணியின் பெயர் கட்டாய உழைப்பு என மாறிய அன்றே அதன் வரலாறு முடிந்துவிட்டது எனலாம். மண்சுமந்தோர் நிலமற்றோர், நீர் பாய்ந்தது பிறர் வயலுக்கு என்பதும் அறியாதார் இலர். குடிமராமத்து என்னும் பழைய தன்னார்வ மரபு உண்மையில் இருந்ததா, அன்றி ஆங்கில அதிகாரிகள் தம் செலவைக் குறைக்கக் கட்டியமைத்த கருத்தா எனத் தென்மாவட்ட ஏரிகளை ஆராய்ந்த டேவிட் மோசு 2003இல் வெளியிட்ட நூலில் வினவியுள்ளார். தன்னார்வம் என்னும் சொல்லைப் பற்றிய அவர் ஐயம் முற்றும் தக்கது. ஆயின் செங்கற்பட்டு ஓலைகள் காட்டுவது தன்னார்வத்தையன்று, அளந்து வைத்த பங்கை. ஆதலின் அவ்வையம் இப்பகுதியை முழுமையும் தாக்காது என்பது எமது துணிபு.

ரிப்பன் பிரபு 1882இல் வெளியிட்ட தீர்மானமும், அதன்வழி வந்த 1884ஆம் ஆண்டுச் சென்னைத் தல நிறுவனச் சட்டமும், 1920ஆம் ஆண்டின் ஊராட்சிச் சட்டமும் பிறர் விரிவாக எழுதியவை, ஈண்டு விரிக்கவில்லை. அவை ஊருக்கு அவையைத் திருப்பித் தந்தன, களத்தைத் தரவில்லை.

இருபதாம் நூற்றாண்டில் இப்பகுதியின் முகத்தை மாற்றியது சட்டமன்று, இரயில். 1931இல் கடற்கரை நிலையத்திற்கும் தாம்பரத்திற்கும் இடையே மின்வண்டி ஓடத் தொடங்கிற்று. 1937இல் சென்னைக் கிறித்தவக் கல்லூரி நகரின் நெருக்கத்தை விட்டுத் தாம்பரத்துக் காட்டுக்குக் குடிபெயர்ந்தது. வயல்கள் மனைகளாயின. நகரில் வேலை, புறநகரில் உறக்கம் என்னும் வாழ்க்கை தோன்றிற்று. பெருங்களத்தூரை ஒட்டிய பீர்க்கன்காரணை, இரும்புலியூர் முதலிய ஏரிகளுக்கு நீர் பாய்ச்ச வயலில்லாது போயிற்று. ஆயக்கட்டு இல்லாத ஏரிக்கு ஊரில் உரிமை கொண்டாடுவார் இல்லை. உரிமையில்லாத இடத்தில் குப்பையும் கழிவுநீரும் குடியேறும். களமும் அவ்வாறே மனையாயிற்று. 1920இல் ஆரி குரோ பக் சென்னையில் இளைஞர் கிறித்தவச் சங்கத்தின் உடற்பயிற்சிக் கல்லூரியைத் தொடங்கிய காலந்தொட்டு, ஆடுகளம் என்பது கல்லூரிக்கும் பள்ளிக்கும் உரிய, வேலியிட்ட இடமாக மாறிவந்தது. ஊர்ப்பிள்ளைகளுக்கு எஞ்சியது தெரு. பொங்கல் நாளில் தெருவை மறித்து உறியடியும் கயிறிழுத்தலும் நடத்தும் புறநகர் வழக்கத்தை எள்ளுவோர் உளர். களம் இழந்த ஊர் ஆண்டிற்கொருமுறை தெருவைக் களமாக்கிக் கொள்கிறது என்றே யாம் அதனைக் காண்கிறோம். சிறிய இடமேனும் ஒன்று நிலைத்தால் அதன் விளைவு பெரிது. தென்சென்னையின் கண்ணகி நகர், நகரினின்று அகற்றப்பட்டோர் குடியமர்த்தப்பெற்ற பகுதி. அங்குக் கபடி பயின்ற இளம்பெண் ஒருவர், 2025இல் பகுரைனில் நடந்த ஆசிய இளையோர் விளையாட்டில் தங்கம் வென்ற இந்திய அணியில் ஆடினார்.

ஏரியை மறந்ததன் விலையை இப்பகுதி 2015இற் கொடுத்தது. திசம்பர் 2 காலையொடு முடிந்த ஒரு நாளில் தாம்பரத்திற் பெய்த மழை 49 சென்டிமீட்டர். ஆதனூர், மணிமங்கலம் முதலிய ஏரிகளின் மிகைநீரால் உருவாகும் அடையாறு கரைபுரண்டது. முடிச்சூரும் வரதராசபுரமும் பெருங்களத்தூரின் தாழ்ந்த பகுதிகளும் நீரில் மூழ்கின. படகில் ஏறிய பின்னரே தம் வீட்டுமனை எந்த ஏரியின் போக்குக்கால் என்பதைப் பலர் அறிந்தனர். அதனை அறிவிக்க வேண்டிய ஏரி வாரியம் இருந்திலது. மறு ஆண்டே மற்றொரு குறை நேர்ந்தது. 2016 அக்டோபரில் உள்ளாட்சி மன்றங்களின் பதவிக்காலம் முடிந்தது; நகர்ப்புறங்களில் அடுத்த தேர்தல் நடந்தது 2022 பிப்ரவரி 19இல். இடைப்பட்ட ஐந்தாண்டுக்கு மேல் தனி அலுவலர் ஆட்சி. ஊரார் தேர்ந்த உறுப்பினர் ஒருவருமில்லை.

இவ்வெற்றிடத்தில் நிகழ்ந்த இரண்டு நிகழ்ச்சிகளை ஒப்பிடுதல் வேண்டும். 2017 மார்ச்சு 13ஆம் நாள் தமிழக அரசு குடிமராமத்துத் திட்டத்தைத் தொடங்கிற்று. தொடக்கவிழா நடந்த இடம், முன்னர்க் கூறிய மணிமங்கலம் ஏரி. முதற்கட்டத்தில் 100 கோடி ரூபாய், 1,519 பணிகள்; ஆயக்கட்டுதாரர் பத்தில் ஒரு பங்கைப் பொருளாகவோ உழைப்பாகவோ தருதல் வேண்டும். பழம்பெயர் மீண்டது. ஆயின் ஆயக்கட்டையே இழந்துவிட்ட புறநகர் ஏரிக்கு அப்பத்தில் ஒரு பங்கைத் தருவோர் யாவர்? மற்றொன்று 2019இன் கொடிய வறட்சியிற் சிட்லபாக்கத்தில் நிகழ்ந்தது. நீர்தேக்கங்கள் வறண்டு சென்னையே தவித்த அவ்வாண்டில், அவ்வூர்க் குடியிருப்போர் விடுமுறை நாள்தோறும் தம் ஏரியில் இறங்கிக் குப்பையை வாரினர். வயலில் ஒரு முழமும் இல்லாத அலுவலகப் பணியாளரும் ஓய்வுபெற்றோரும் அவருட் பலர். பின்னர் அரசு அவ்வேரியின் சீரமைப்புக்கு 25 கோடி ரூபாய் ஒதுக்கிற்று. பாசனம் போய் நிலத்தடிநீர் என்னும் புதிய பங்கு தோன்றியதே அம்மக்களை ஏரிக்கு மீட்டது என்க. வீட்டுக் கிணற்றில் நீர் ஊறுதல் ஏரி நிறைதலைப் பொறுத்தது என உணர்ந்த அன்று, ஆயக்கட்டு மறுவடிவிற் பிறந்தது.

2021 நவம்பர் 3இல் தாம்பரம் மாநகராட்சி அமைந்தது. ஐந்து நகராட்சிகளோடு பெருங்களத்தூர் உள்ளிட்ட ஐந்து பேரூராட்சிகளும் அதனுட் கலந்தன. 70 வட்டங்களுக்கு உறுப்பினர் தேர்ந்தெடுக்கப்பெற்றனர். மேயர் பதவி ஆதிதிராவிட மகளிர்க்கென ஒதுக்கப்பெற்று, வசந்தகுமாரி கமலக்கண்ணன் முதல் மேயரானார். குடத்தில் ஓலையிடவும் தகுதியற்றவர் என உத்திரமேரூர் விலக்கியோர் எவரோ, அவர் வழியினர் அவைக்குத் தலைமை ஏற்றனர். பழமையைப் போற்றுவோர் இவ்வேறுபாட்டை மனத்திற்கொண்டே போற்றுதல் வேண்டும்.

எனினும் ஒன்று உளது. சிற்றூருக்குக் கிராமசபை உண்டு. ஊர் வளர்ந்து நகராட்சிச் சட்டத்தின்கீழ் வந்தவுடன், வாக்களிப்போர் எல்லாரும் நேரிற் கூடும் அவ்வுரிமை நீங்கிவிடும். பெரிதாதலின் தண்டனை இதுபோலும்! 2022இல் தமிழக அரசு வட்டக்குழு, பகுதிசபை விதிகளை வெளியிட்ட பின்னரே இக்குறை நீங்கத் தொடங்கிற்று. அவ்வாண்டு நவம்பர் 1இல் பகுதிசபைக் கூட்டங்கள் நடைபெற்றபோது முதலமைச்சர் மு. க. ஸ்டாலின் கலந்துகொண்டது இதே மாநகராட்சியின் பம்மலில் நிகழ்ந்த கூட்டத்திலாகும். இடம் கிடைத்தது, அவை கிடைத்தது. சென்ற கூட்டத்திற் பேசிய பணிக்குச் செலவான தொகை இவ்வளவு என அடுத்த கூட்டத்தில் வாசிக்கும் வழக்கம் அதனோடு சேருமா என்பதே வரலாற்று மாணவர் கருதியிருக்க வேண்டுவது. உத்திரமேரூரார் கணக்கின்மேல் வைத்த கண்டிப்பை மேலே கண்டோம்.

முடிவாக ஆய்வு மாணவர்க்கு ஒரு பணியைச் சுட்ட விழைகிறோம். கல்வெட்டுத் துறையார் 1898இல் உத்திரமேரூர்ச் சுவரைப் படியெடுத்திராவிடின் மேற்கூறியவற்றுட் பாதியை யாம் எழுதியிருத்தல் இயலாது. பெருங்களத்தூர், முடிச்சூர், பீர்க்கன்காரணைப் பகுதிகளில் எண்ணற்ற குடியிருப்போர் சங்கங்களும் இளைஞர் விளையாட்டுக் கழகங்களும் கூட்டக் குறிப்பேடுகள் எழுதி வருகின்றன. சந்தா கொடுத்தவர், பந்து வாங்கிய செலவு, வடிகால் வேண்டி விடுத்த விண்ணப்பம், அதற்கு விடை வாராமை யாவும் அவற்றில் உள. செயலாளர் வீடு மாறும்போது இக்குறிப்பேடுகள் பழைய தாளொடு எடைக்குப் போகின்றன. 2015ஆம் ஆண்டு வெள்ளத்தில் நனைந்து அழிந்தவையும் உள. எஞ்சியவற்றை வீடுவீடாகச் சென்று கேட்டுப் படியெடுத்து, ஊர்வாரியாக அடைவு செய்து பல்கலைக்கழக நூலகத்தில் வைத்தல் முதுகலை மாணவர் ஓராண்டில் முடிக்கத்தக்க வேலை.